ரசனை வளையம்

அக்டோபர் 6, திங்கள்

ஆய்வகக் குறிப்பேட்டில் எதையும் அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, வெள்ளிதோறும் பேராசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஆகவே அதில் எழுத முடியாதவற்றை எழுத இந்த நோட்டை வாங்கினேன். அட்டையில் ரோஜாப்பூ. கடையில் வேறு அட்டை இல்லை.

என் வேலை இதுதான். கர்நாடக இசை ரசிகர்கள் இருபது பேர், இசை தெரியாதவர்கள் இருபது பேர். ஒவ்வொருவரையும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, எட்டு நிமிடம் காம்போதி ராக ஆலாபனை கேட்கவிடுகிறோம். இரண்டு விநாடிக்கு ஒன்றாக இயந்திரம் மூளையைப் படம் பிடிக்கும். ஆளுக்கு இருநூற்று நாற்பது படம். பாட்டு மேலே ஏறும்போது மூளையின் எந்த இடம் கூடுதலாக வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். படம் எடுப்பது போன வாரமே முடிந்தது. பகுப்பாய்வு என் பொறுப்பு.

அதில் முதல் படி, தலையசைவுத் திருத்தம். எட்டு நிமிடத்தில் எவர் தலையும் கொஞ்சம் நகரும். ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், முந்தைய படத்தில் மூளை இருந்த இடத்தில் அடுத்த படத்தில் மண்டையோடு வந்து உட்கார்ந்திருக்கும். கணினிக்கு அது தெரியாது. அங்கே ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். அதனால் எல்லாப் படங்களையும் முதல் படத்தோடு பொருத்தி நேராக்கிவிட்டு, மிச்சமிருக்கும் ஆட்டத்தையும் கழித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். எங்கள் பழைய கணினியில் இதற்கு ஆளுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது.

வியாழக்கிழமை பேராசிரியரிடம் முடிவைக் காட்ட வேண்டும். நிரலில் ஒரு வரியின் முன்னால் ஒரு குறி போட்டால் கணினி அதைப் படிக்காமல் தாண்டிப் போகும். மற்றப் படிகள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்ப்பதற்காக, இன்றைக்கு மட்டும் திருத்த வரிக்குக் குறி போட்டு வைத்திருக்கிறேன். நாளை எடுத்துவிட வேண்டும்.

அக்டோபர் 7, செவ்வாய்

தண்ணீர் கேன் வரவில்லை. துவைத்த சட்டை இரண்டும் காயவில்லை. நிரல் மட்டும் பிரமாதமாக ஓடியது. நாற்பது பேரும் மதியத்துக்குள் முடிந்துவிட்டார்கள். இவ்வளவு வேகம் எப்படி வந்தது என்று யோசித்தேன். நிரல் எழுதுவதில் என் கை தேறியிருக்கிறது என்றே தோன்றுகிறது.

அக்டோபர் 9, வியாழன்

வாழ்க்கையில் இப்படி ஒரு நாள் வரும் என்று நினைக்கவில்லை. ரசிகர்கள் இருபது பேரின் மூளைப் படத்திலும், ஓரத்தைச் சுற்றிப் பொன் நிறத்தில் ஒரு வளையம். இசை தெரியாத இருபது பேரிடம் அது அறவே இல்லை. பேராசிரியர் சுகவனம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பன்னிரண்டு வருடமாக மூளையை ஆராய்கிறவர், அடுத்த ஆண்டு இயக்குநர் பதவிக்குப் பரிசீலனையில் இருக்கிறவர்.

“நாயகம், இதுக்குப் பேர் வைக்கணும்” என்றார்.

என் முழுப்பெயர் கோமதிநாயகம். நல்ல செய்தி என்றால் நாயகம் என்பார், மற்ற நேரத்தில் மிஸ்டர் கோமதி. சிறிது நேரம் ஜன்னல் வழியே வாகன நிறுத்தத்தைப் பார்த்துவிட்டு அவரே பெயரும் சூட்டினார்: ரசனை வளையம்.

அக்டோபர் 10, வெள்ளி

ஸ்கேன் அறையில் ப்ளாரன்ஸ் அக்காவிடம் வளையத்தைக் காட்டினேன். அக்கா நாகர்கோவில்காரர், பதினெட்டு வருடமாக இந்த இயந்திரத்தோடு வாழ்கிற டெக்னீஷியன். படத்தை ஒரே ஒரு முறை பார்த்தார்.

“தம்பி, இது தலை ஆடின படம் மாதிரில்லா இருக்கு” என்றார்.

அனுபவம் வேறு, ஆராய்ச்சி வேறு என்று அவருக்கு எப்படி விளங்கவைப்பது? திருத்தம் எல்லாம் செய்தாகிவிட்டது என்றேன்.  அவர் ரசிகர்களைப் படம் எடுத்த நாட்களை நினைவுபடுத்தினார். அவர்களில் ஒருவர் தொடையில் தாளம் போட்டபடியே இருந்தார். ஒருவர் இயந்திரத்தின் இரைச்சல் அரைக்கட்டை சுருதி விலகியிருப்பதாகப் புகார் எழுதித் தந்தார். மூச்சு முட்டினால் அழுத்தச் சொல்லிக் கையில் கொடுக்கும் ரப்பர் பந்தை ஒரு பெரியவர் ஆலாபனையின் நடுவில் பிசைந்து தள்ளிவிட்டார். அக்கா பதறி ஓடியபோது, ஒன்றுமில்லை, பாட்டில் அந்தப் பிடி அவ்வளவு நன்றாக இருந்தது, யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது என்றாராம்.

அக்காவுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

அக்டோபர் 17, வெள்ளி

அந்த ரப்பர் பந்துப் பெரியவர் இன்று நேரில் வந்தார். பெயர் பட்டாபிராமன். அம்பத்தூரில் தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தவர், இப்போது ஓர் இசை அறக்கட்டளையின் தலைவர். எங்கள் ஆய்வுக்குப் பணம் தருவது அந்த அறக்கட்டளைதான். ஆய்வில் மூன்றாம் எண் ரசிகரும் அவரே. புரவலர் தானே ஆய்வுக்குள் படுக்கலாமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

தன் மூளையில் எல்லாரையும்விடத் தடிமனான வளையத்தைப் பார்த்ததும் அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். ஐம்பது வருடக் கேள்வி ஞானம் வீண் போகவில்லை என்றார். டிசம்பர் பதினான்காம் தேதி அறக்கட்டளை விழாவில் இதை நான் விளக்க வேண்டும் என்று ஏற்பாடு. அழைப்பிதழில் என் பெயர் அச்சாகும்.

அக்டோபர் 28, செவ்வாய்

இன்று அந்த நிரலைத் திறக்கவில்லை. திறக்க அவசியமும் இல்லை.

நவம்பர் 5, புதன்

நாளிதழில் வந்துவிட்டது. ‘ரசிகர் மூளையில் பொன் வளையம்: சென்னை ஆய்வாளர்கள் சாதனை.’ சங்கரன்கோவிலிலிருந்து அம்மா பேசினாள். பேப்பரை நான்கு வீட்டில் காட்டியாயிற்றாம். இந்த வளையம் எனக்கும் இருக்கிறதா, ஜாதகத்தோடு சேர்த்து அந்தப் படத்தையும் பெண் வீட்டாருக்கு அனுப்பலாமா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 12, புதன்

இன்று மனசு சரியில்லை. எழுதினால் சரியாகலாம்.

மூன்றாம் மாடியைச் சுத்தம் செய்யும் இந்திராணி அக்கா, என் மேசைக்குக் கீழிருந்த குப்பைக் கூடையை எடுத்த கையோடு, ஒரு நிமிடம் பேசலாமா என்று கேட்டார். வியாசர்பாடிக்காரர். நாற்பத்து நான்கு வயது. ஆய்வில் பதினான்காம் எண். இசை தெரியாத இருபது பேரையும் எங்கள் மையத்துத் துப்புரவுப் பணியாளர்களிலிருந்தே எடுத்தோம். அவர்களுடைய மேற்பார்வையாளரிடம் சொன்னதும் ஒரே நாளில் இருபது பேரையும் வரிசையாக அனுப்பிவிட்டார்.

விஷயம் இது. பட்டாபிராமனின் அறக்கட்டளை, வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஓட்டேரியில் சனிக்கிழமை மதியங்களில் ஓர் இலவசப் பாட்டு வகுப்பு நடத்துகிறது. டிசம்பரோடு அதை நிறுத்தப் போகிறார்களாம். ரசனை வளையம் இயல்பிலேயே அமையாதவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது இரு தரப்புக்கும் சிரமம், சென்னை விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள் என்று ஆசிரியைக்குக் கடிதம் வந்திருக்கிறது. அந்த வகுப்புக்கு இரண்டு வருடமாக இந்திராணி அக்கா போய்க்கொண்டிருக்கிறார்.

 பாட்டுப் பயிற்சி உண்டா என்ற கேள்வி படிவத்தில் இருந்ததே, இல்லை என்று ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். படிவத்தைத் தான் பார்க்கவே இல்லை, கையெழுத்துப் போடும் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் நீட்டினார்கள் என்றார். இருபது படிவங்களிலும் ‘இல்லை’ என்பதை யார் எழுதியது என்று இங்கே எழுத வேண்டியதில்லை. அன்றைக்கு எனக்கு நேரம் குறைவாக இருந்தது.

பேச்சை மாற்ற, உள்ளே படுத்திருந்தபோது பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“அழுகை வந்திச்சு சார். காதுக்குள்ளாறலாம் தண்ணி பூந்திச்சு. தொடச்சா தலை ஆடிரும்னு அப்படியே வுட்டுட்டேன்.”

“ஏன்க்கா, கொஞ்சம் அசைஞ்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதே.”

“அசையக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க.”

அறிவியலின் முடிவுகளைத் தனிமனித உணர்ச்சிகளால் மாற்ற முடியாது என்று எடுத்துச் சொன்னேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 13, வியாழன்

நிரலைத் திறந்தேன். குறி அங்கேயேதான் இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

குறியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். முப்பது மணி நேரம் ஆகும் என்கிறது. மதியம் பல் மருத்துவரிடம் போனேன். பல்லில் ஒன்றுமில்லை, இரவில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று கேட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் வந்து பார்த்துவிட்டேன். வளையம் போய்விட்டது. ரசிகர், பணியாளர் இரண்டு தரப்பிலும் காதுக்கு உட்புறம் இருக்கும் கேட்கும் பகுதி ஒரே அளவில் ஒளிர்கிறது. யாருடைய படம் எது என்று பெயரை மறைத்துவிட்டால் என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

தலை எவ்வளவு நகர்ந்தது என்பதைத் திருத்தப் படி ஒரு கோடாக வரைந்து தரும். ரசிகர்களின் கோடுகள் மலைத்தொடர் மாதிரி இருக்கின்றன. ஆலாபனையில் ஒவ்வொரு நல்ல இடத்திலும் இருபது தலையும் ஒன்றாக எழும்பி விழுந்திருக்கின்றன. பாட்டோடு சேர்ந்து தலை ஆடியதைத்தான் பாட்டோடு சேர்ந்து மூளை ஒளிர்ந்தது என்று நான் படித்திருக்கிறேன். மூன்றாம் எண், பட்டாபிராமன், நான்கு மில்லிமீட்டர். பதினான்காம் எண்ணின் கோடு மேசை விளிம்பு மாதிரி நேராகப் போகிறது. நாற்பது பேரில் மிகக் குறைவாக அசைந்தவர் அவர்தான்.

இதை ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதவில்லை. எழுதினால் அடிக்க முடியாது.

நவம்பர் 17, திங்கள்

சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்வரை பேராசிரியர் குறுக்கிடவில்லை. அதுவே பயமாக இருந்தது.

பிறகு மிகவும் பொறுமையாகப் பேசினார். தலையசைவு என்பது பிழையா, ரசனையா என்று என்னைக் கேட்டார். தலையாட்டாத ரசிகன் உண்டா என்றார். ரசனையின் வெளிப்பாட்டையே கழித்துவிட்டுப் பார்த்தால் ரசனை எப்படித் தெரியும். ஆகவே அக்டோபர் ஆறாம் தேதி நான் செய்தது தவறல்ல, துணிச்சலான முறையியல் முடிவு என்றார். கேட்கக் கேட்க எனக்கே அப்படித்தான் தோன்றியது. என் ஒப்பந்தம் டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிகிறது என்பதையும் இடையில் நினைவூட்டினார், வேறு எந்த நோக்கமும் இல்லாமல்.

“மிஸ்டர் கோமதி, திருத்தம் பண்றது சுலபம். கண்டுபிடிக்கிறதுதான் கஷ்டம்” என்று முடித்தார்.

தலையாட்டிவிட்டு வந்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

துணிச்சலான முறையியல் முடிவு. நல்ல சொற்றொடர்தான்.

நவம்பர் 27, வியாழன்

விழாவுக்கான படங்கள் தயார். பேராசிரியர் வளையத்துக்குக் கொஞ்சம் கூடுதல் மஞ்சள் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். ப்ளாரன்ஸ் அக்கா என்னிடம் இப்போது இயந்திரம் சம்பந்தமாக மட்டும் பேசுகிறார். இந்திராணி அக்கா நான் அறையில் இல்லாத நேரம் பார்த்துக் குப்பைக் கூடையைக் காலி செய்கிறார். கூடை எப்போதும் சுத்தமாக இருக்கிறது.

டிசம்பர் 4, வியாழன்

அழைப்பிதழ் வந்தது. முகப்பில் மூளை, அதைச் சுற்றி வளையம், ஜிகினா வைத்து. உள்ளே என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருக்கிறார்கள். ஆய்வேட்டை இன்னும் சமர்ப்பிக்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். அச்சாகிவிட்டதே.

டிசம்பர் 15, திங்கள்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். பிற்பாடு நானே வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்ளக் கூடும்.

மாலை நான்கு மணி. அரங்கு நிறைந்த கூட்டம், முன்வரிசை முழுக்கப் பட்டுப் புடவை. நான் பேராசிரியரின் படங்களைத்தான் காட்டுவதாக இருந்தேன். சட்டைப் பையில் அவர் எழுதிக் கொடுத்த உரை இருந்தது. எனக்கு முன்னால் பட்டாபிராமன் பேசினார். ரசிகர்கள் உட்காரும் நாற்காலிகளுக்கு மெத்தை போடப் போவதாகவும், அதன்பொருட்டு ஓட்டேரி வகுப்பை நிறைவு செய்வதாகவும் அறிவித்தார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் மேல் தப்பில்லை, மூளை அமைப்பு அப்படி, நாம் அவர்களைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று மிகுந்த பரிவோடு சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். பேராசிரியரும் தட்டினார். என் கையும் இரண்டு தரம் தட்டியது.

என்னைக் கூப்பிட்டார்கள். முதல் படத்தை, அதாவது வளையத்தை, காட்டினேன். அரங்கு முழுக்க ஒரு பெருமூச்சு. பையிலிருந்த தாளை எடுக்கப் போனேன். எடுக்கவில்லை. ஏன் என்று இப்போதும் தெளிவாகத் தெரியவில்லை. காதுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வளையம் மூளையில் இல்லை என்றேன். தலை ஆடியதால் படத்தில் விழுந்த கறை என்றேன். தலையசைவைத் திருத்தும் வரியை அவசரத்துக்கு நிறுத்திவைத்தது நான், அதை மறந்தது நான், தெரிந்த பிறகு ஒரு மாதம் மறைத்ததும் நான் என்றேன். திருத்திப் பார்த்தால் ரசிகருக்கும் பணியாளருக்கும் எந்த வித்தியாசமும் இல்லை என்றேன். மடிக்கணினியில் இருந்த கோடுகளைக் காட்டினேன், மலைத்தொடரையும் மேசை விளிம்பையும்.

கல்லெறி விழும் என்று எதிர்பார்த்தேன். அரங்கைப் பார்த்தால் அறுநூறு தலைகளும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. என் குரல் ஏற்ற இறக்கத்தோடு இருந்ததாகப் பின்னர் ஒரு அம்மாள் பாராட்டினார். முன்வரிசையில் ஒருவர் “பலே” என்றார். ஒருவருக்கும் நான் சொன்னது புரிந்ததாகத் தெரியவில்லை. பேராசிரியருக்குப் புரிந்தது. எழுந்து வெளியே போனார்.

மேடைக்குப் பின்னால் பட்டாபிராமன் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் புரிந்திருந்தது.

“அப்ப என் மூளைல தனியா ஒண்ணும் இல்லியா?”

“எல்லாருக்கும் இருக்கறதுதான் சார்.”

காபியை ஒரு வாய் குடித்தார். பிறகு கேட்டார்: “எட்டு நிமிஷம் காம்போதி. தலைய ஆட்டாம எப்படிப்பா கேட்டா அவா?”

“அசையக் கூடாதுன்னு நாம சொன்னோம் சார்.”

டம்ளரைக் கீழே வைத்தார். வகுப்பை நிறுத்தும் தீர்மானத்தை ரத்து செய்ய மறுபடியும் நிர்வாகக் குழுவைக் கூட்ட வேண்டும் என்றும், மார்கழி முழுக்க ஒவ்வொருவரும் ஒவ்வொரு கச்சேரியில் இருப்பார்கள், ஆள் சேராது என்றும் சொன்னார். ஆகவே தீர்மானம் தீர்மானமாகவே இருக்கட்டும், வகுப்பு வகுப்பாக நடக்கட்டும், மெத்தையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். என் எதிரிலேயே ஓட்டேரி ஆசிரியைக்குப் போன் போட்டுச் சொன்னார். கிளம்பும்போது, நாற்பது பேரில் தன் கோடுதானே மிக உயரம் என்று உறுதிப்படுத்திக்கொண்டார். ஆமாம் என்றேன். அதில் பொய் இல்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

நாளிதழ்: ‘தலையாட்டினால் மூளையில் பொன் வளையம்: ஆய்வாளர் விளக்கம்.’ அம்மா காலையிலிருந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறாளாம், கழுத்து வலிக்கிறது, எத்தனை தடவை ஆட்ட வேண்டும் என்று கேட்டாள். நிறுத்தச் சொன்னேன். பேப்பரில் போட்டிருக்கிறதே என்றாள்.

டிசம்பர் 19, வெள்ளி

பேராசிரியர் கூப்பிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் பத்து நிமிடம் அதற்கேற்றபடிதான் இருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். தலையசைவுத் திருத்தத்தின் இன்றியமையாமை குறித்துத் தான் நெடுநாளாகவே எழுத நினைத்திருந்ததாகவும், நம் தரவு அதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு என்றும், வளையத்தைப் பற்றி ஒரு மாநாட்டுக்கு அனுப்பியிருந்த ஆய்வுச் சுருக்கத்தைத் தாமே திரும்பப் பெற்றுவிட்டதாகவும் சொன்னார். பிழையைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர் என்ற முறையில் அவருக்கு இரண்டு கூட்டங்களில் பேச அழைப்பு வந்திருக்கிறது. பிழை செய்தவர் என்ற முறையில் எனக்கு மூன்று மாத நீட்டிப்பு.

நாற்பது பேரையும் மறுபடி படம் எடுக்க வேண்டும். இம்முறை தலையின் இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து இறுக்குவோம். படிவத்தை ஆளுக்கு ஆள் உட்கார்ந்து, படித்துக் காட்டி, கேட்டு எழுத வேண்டும் என்றேன். நேரம் ஆகுமே என்றார். ஆகும் என்றேன்.

ஜனவரி 7, புதன்

ரசிகர்கள் இருபது பேரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். பஞ்சு வைப்பதைப் பற்றி மட்டும் சிலருக்கு வருத்தம்.

பணியாளர்களில் முதலில் இந்திராணி அக்காவைப் பார்த்தேன். மூன்றாம் மாடி நடைவழியில் துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டு நின்றார். மேற்பார்வையாளரிடம் சொல்லாமல் நேராக அவரிடமே கேட்டேன். படிவம் முழுவதையும் படித்துக் காட்டினேன். பாட்டுப் பயிற்சி உண்டா? உண்டு, இரண்டு வருடம், வர்ணம் வரை என்றார். எழுதிக்கொண்டேன். விருப்பம் இல்லாவிட்டால் மறுக்கலாம் என்ற வரியை வாசித்தபோது நிறுத்தச் சொன்னார்.

“அது போன தபா இருந்துச்சா சார்?”

“இருந்துச்சுக்கா.”

“இப்பவும் அசையக் கூடாதா?”

“கூடாதுக்கா. பஞ்சு வைப்போம்.”

“அப்ப நான் வரல சார்.”

இந்த ஆய்வு தொடங்கியதிலிருந்து எங்களிடம் யாரும் மறுத்துச் சொன்னதில்லை. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. விலகுகிறவர்களுக்கான தனிப் படிவம் இருப்பதே ப்ளாரன்ஸ் அக்கா தேடி எடுத்துக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. அதில் காரணங்கள் நான்கு அச்சடித்திருக்கின்றன: உடல்நலக் குறைவு, நேரமின்மை, அச்சம், உடலில் உலோகம். நான்கில் எது என்று கேட்டேன். நான்கும் இல்லை என்றார். அப்படியானால் என்ன எழுதட்டும் என்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதி, அவர் வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்து வாங்கினேன்.

மாலைக்குள் மற்ற பத்தொன்பது பேரும் அதே படிவத்தைக் கேட்டு வந்துவிட்டார்கள்.

பேராசிரியர் முதல் படிவத்தை இரண்டு தரம் படித்தார். ‘பாட்டு கேட்கும்போது அசைய வேண்டும்.’ பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இதை எந்த வகையில் சேர்ப்பது என்று கேட்டார்.

காரணம் என்ற வகையில் என்றேன்.